இருக்கை இருந்தது, குழந்தை மடியில் இருந்தது

சென்னை விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகளுக்கு முன்பே குழந்தையின் கார் இருக்கை வந்துவிட்டது. மற்றச் சாமான்களோடு அது சுற்றி வரவில்லை. ஓரத்தில் இருந்த தனிக் கதவு வழியாக ஓர் ஊழியர் அதைத் தலையில் கவிழ்த்தபடி கொண்டுவந்து, "யாருதுங்க இந்தச் சேரு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பலரும் திரும்பிப் பார்த்தார்கள். கையைத் தூக்கியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் வசிப்பது இங்கிலாந்தில், ஷெஃபீல்டில். மனைவி தேன்மொழி அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். நான் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகப் பல வருடம் இருந்தவன். இப்போது வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு செய்துகொண்டு, ஒன்றரை வயது மகள் இனியாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதற்காகத் தேன்மொழியின் ஊரான திருவண்ணாமலைக்கு வந்தோம். தேன்மொழிக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளையும் தம்பி யுவராஜையும் வளர்த்தது பெரியம்மா. அவர்களுக்கு அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம், வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடு. இனியாவுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் யுவராஜ். தேதி முடிவானதிலிருந்து தொலைபேசியில் அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "புள்ளை என் மடியில உக்காருமா மாமா? அழுவாதே?"

இங்கிலாந்தில் குழந்தை இருக்கை பேச்சுக்குரிய பொருளே இல்லை. இனியா பிறந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று, கார் வரை கூட வந்த செவிலியர், இருக்கையின் வார் குழந்தையின் தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் கையசைத்தார். அதன்பின் பால் வாங்கப் போனாலும் இனியா அதில்தான். யாரும் பாராட்டியதில்லை, யாரும் சிரித்ததும் இல்லை. செருப்பு போட்டுக்கொண்டு வெளியே போவது போன்ற காரியம்.

யுவராஜ் புதுக் காரோடு வந்திருந்தான். வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெயில் மறைப்புகளின் பாலித்தீன் உறையைக்கூட அவன் இன்னும் பிரிக்கவில்லை. இருக்கைகளுக்குப் பழுப்பு நிறத்தில் தடித்த உறை தைத்துப் போட்டிருந்தான். நான் பின்னிருக்கையில் முழங்காலை ஊன்றி சீட் பெல்ட்டை இழுத்தேன். பெல்ட் வந்தது. அதைச் செருக வேண்டிய பக்கிள் இல்லை. உறையின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினேன்.

"இன்னா மாமா தேடறீங்க?"

"பெல்ட் மாட்டற பக்கிள்."

"அது கவருக்கு அடியில இருக்கும். பின்னாடி யாரு மாமா பெல்ட் போடப்போறாங்க?"

எங்களுக்குப் பின்னால் நின்ற கார்கள் ஒலிப்பானை அடிக்கத் தொடங்கின. வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி ஜன்னலைத் தட்டினார். "சார், ஊட்டுக்குப் போய்க் கட்டில் போட்டுக்கலாம். வண்டிய எடுங்க."

எடுத்தோம். இனியா தேன்மொழியின் மடியில் உட்கார்ந்தாள். இருக்கை ஜன்னலோரம் உட்கார்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது என்மேல் சாய, நான் அதைத் தோளால் தாங்கிக்கொண்டே வந்தேன். வழியில் வடையும் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாவும் வாங்கித் தந்தான் யுவராஜ். இனியா வாயில் விரலோடு தூங்கிவிட்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரித்தான். "எவ்ளோ நிம்மதியா தூங்குது பாருங்க மாமா. அந்தச் சேருல உக்காரவெச்சா இப்பிடித் தூங்குமா?" அதிலும் தூங்குவாள் என்று சொல்ல வாயெடுத்தேன். கொய்யா நன்றாக இருந்தது. அதைப் பற்றிப் பேசினேன்.

மறுநாள் காலை வேங்கிக்கால் சாலையில் கார் அலங்காரச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனோம். உறை தைத்துக் கொடுத்தவரே அங்கே இருந்தார். பக்கிள் எங்கே என்று கேட்டேன். அவருக்கு அது புகாராகவே படவில்லை.

"உக்காந்தா குத்துதுனு கஸ்டமரே சொல்றாங்க சார். அதான் உள்ள தள்ளித் தச்சிடறது. பத்து வண்டி வந்தா பத்தும் அப்படித்தான். உங்களுக்கு முன்னாடி பெல்ட் போடலைனா சத்தம் வருதா? அதுக்கும் ஒரு கிளிப் இருக்கு, செருவிட்டா வாயை மூடிக்கும்."

உறையை அறுக்க வேண்டும் என்றேன். அவர் யுவராஜைப் பார்த்தார். யுவராஜ் தெருவைப் பார்த்தான். "அறுங்க" என்றான். பிளேடு பழுப்பு உறையில் இறங்கியபோது அவன் சாலைக்கு எதிரே போய் நின்று, வேண்டாத ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தான்.

வீட்டு வாசலில் இருக்கையைப் பொருத்தினேன். அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். பெரியம்மா முறத்தோடு வந்தார். அவருடைய மகள் கலைவாணி, ஐந்து மாதக் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்தாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை கணவர் தண்டபாணி வந்து பெங்களூருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவளுக்கு நான் ஒவ்வொன்றையும் விளக்கினேன். பெல்ட் இந்த நீலக் கொக்கிகள் வழியாகத்தான் போக வேண்டும். இருக்கையின் மேல் முழங்காலை ஊன்றி, உடல் பாரத்தைப் போட்டு அழுத்திக்கொண்டே பெல்ட்டின் தொய்வை இழுத்து எடுக்க வேண்டும். பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் அகலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோளில் வாரைக் கிள்ளினால் மடிப்பு விரலில் சிக்கக் கூடாது.

"புள்ளை மூஞ்சி இன்னாத்துக்குப் பின்பக்கம் பாத்துக்கினு இருக்குது?" என்றார் பெரியம்மா.

"இந்த வயசுக்கு அப்படித்தான் அத்தை. கழுத்து பலமில்லை. வண்டி திடீர்னு நின்னா முதுகும் தலையும் சேர்ந்து இருக்கையில் அமுங்கும். முன்பக்கம் பார்த்திருந்தா தலை மட்டும் வீசும்."

"தப்பு பண்ண புள்ளையைச் செவுத்தைப் பாக்க நிக்கவெச்ச மாதிரி இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். இனியாவும் சிரித்தாள். கலைவாணி மட்டும் சிரிக்கவில்லை. "இது இங்க கெடைக்குமா மாமா? அவரு வண்டிய வேகமாதான் ஓட்டுவாரு" என்றாள். கிடைக்கும், பெங்களூரில் நிச்சயம் கிடைக்கும், நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்று முழுவதும் எனக்கு நல்ல மனநிலை. ஒரு வாசகரைச் சம்பாதித்துவிட்ட திருப்தி.

மாலை, துணி எடுக்க ஊருக்குள் போகக் கிளம்பினோம். இருக்கை ஒன்றரை ஆள் இடத்தைப் பிடித்தது. முன்னால் யுவராஜும் நானும், பின்னால் தேன்மொழியும் கலைவாணியும் அவள் குழந்தையும். முழங்கால் வலியுள்ள பெரியம்மாவுக்கு இடமில்லை. அவர் ஷேர் ஆட்டோவில் வந்தார். கோயில் பக்கத்தில் நாங்கள் இறங்கிக் காத்திருந்தபோது அந்த ஆட்டோ வந்து நின்றது. பெரியம்மா ஓட்டுநரின் பக்கத்தில், பாதி உடம்பு வெளியே தொங்க, கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணுமில்ல மாப்ள, காத்தோட்டமா வந்தேன்" என்றார். திரும்பிப் பார்த்தேன். வழியெல்லாம் அழுத இனியாவைத் தேன்மொழி இடுப்பில் வைத்துச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். காரின் பின்னிருக்கையில் என்னுடைய இருக்கை காலியாக, ஜன்னல் கண்ணாடி ஏற்றி, சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

அங்கேயே ஒரு தெலுங்குக் குடும்பம் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் தெலுங்கு தெரியும். "இத்தனை பேர் இதில் எப்படி உட்காருவது?" என்று ஒருத்தி கேட்டாள். "உட்காரவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஏறு" என்றார் புருஷன். ஏறினார்கள். குழந்தைகளை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்கு மாற்றி மாற்றி அடுக்கினார்கள். எல்லாரும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். இந்த ஊரில் நான் ஒருவன்தான் ஆபத்தைக் கையோடு கொண்டுவந்து இறக்கிவைத்தவன் போலத் தோன்றியது.

புதன்கிழமை காதுகுத்து. அடி அண்ணாமலைக் கோயிலில் மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, இனியாவை யுவராஜின் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியைக் கையில் மறைத்துக்கொண்டு வந்தார். இனியா அழுத அழுகையில் யுவராஜும் அழுதுவிட்டான். "டேய், குத்தனது புள்ளைக்குடா" என்று யாரோ சொல்ல, அழுதுகொண்டே சிரித்தான்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். காது குத்திய பிள்ளை வீட்டுக்கு வந்து, வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை மாமன் மடியை விட்டு இறங்கக் கூடாது. மாட்டு வண்டி காலத்தில் வந்த வழக்கமாக இருக்க வேண்டும். எனக்கு அதுவரை தெரியாது. கார் கதவைத் திறந்து நான் இருக்கையின் வாரைப் பிரித்தபோதுதான் பெரியம்மா சொன்னார்.

நான் தயங்கி நின்றேன். அப்போதும் இனியாவை இருக்கையில் வைத்துப் பார்த்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். பட்டுப்பாவாடை தடுத்தது. கால்களுக்கு நடுவே வரும் வார் சரியாக மாட்ட வேண்டுமானால் பாவாடையை இடுப்புக்கு மேல் சுருட்ட வேண்டும். மாலையையும் கழற்ற வேண்டும். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். "பொட்டப்புள்ளைக்கு நல்ல நாள்ல பாவாடையைச் சுருட்டறாங்க, இன்னா கூத்து இது?" என்று ஒரு பெண் குரல். "வெளிநாட்டுல புள்ளையை மூட்டை மாதிரிக் கட்டித்தான் எடுத்துப் போவாங்க" என்று ஓர் ஆண் குரல். சிரிப்பு. யுவராஜ் பட்டு வேட்டியில், கைகளை நீட்டியபடி நின்றான்.

"சரி, சீட்டை டிக்கியில போடுங்க" என்றேன்.

யுவராஜின் மடியில் குழந்தை இருந்தால் அவன் ஓட்ட முடியாது. நான் ஓட்டுவதாக முடிவாயிற்று. தேன்மொழி என் அருகில் வந்து, "வேணாங்க" என்று மட்டும் சொன்னாள். "பக்கத்துலதானே. நானே ஓட்டறேன். மெதுவா போறேன்" என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினாள். மெதுவாகப் போவது பாதுகாப்பு ஆகாது என்பது எனக்குத் தெரியும். முன் இருக்கை குழந்தைக்கு மிக மோசமான இடம் என்பதும் தெரியும். தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை.

யுவராஜ் முன்னால் உட்கார்ந்தான். பெல்ட் போட்டால் பிள்ளைக்கு உறுத்தும் என்று போடவில்லை. சீர் துணிகள் வைத்திருந்த பெரிய துணிப்பையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான். பின்னால் தேன்மொழி, பெரியம்மா, குழந்தையோடு கலைவாணி. இம்முறை பெரியம்மாவுக்கு இடம் இருந்தது.

கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் சாலையில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பதுக்கு மேல் போகவில்லை. தண்ணீர் கேன்கள் கட்டிய மொபெட் ஒன்று சந்திலிருந்து நேராகச் சாலைக்குள் வந்தது. பிரேக்கை மிதித்தேன். மோதவில்லை. மொபெட்காரர் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் போனதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடதுபுறம் ஒரு சத்தம் கேட்டது. பிறகு இனியாவின் அழுகை. நான் திரும்பியபோது யுவராஜ் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டிருந்தான். மொட்டைத் தலையில், சந்தனம் பெயர்ந்துபோன ஒரு இடத்தில், நெற்றிக்கு மேலே வீக்கம் கண்முன்னால் எழுந்தது.

தேன்மொழி இறங்கி ஓடிவந்து குழந்தையை வாங்கினாள். கண்களைப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. ஊருக்குள் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். பயப்பட ஒன்றுமில்லை, வாந்தி எடுத்தாலோ அதிகமாகத் தூங்கினாலோ உடனே கொண்டுவாருங்கள் என்றார். யுவராஜின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. சுளுக்கு என்று கட்டுப் போட்டார்கள். மருத்துவரிடம் போகும்போது, பெரியம்மாவும் கலைவாணியும் ஆட்டோவில் ஏறிக்கொள்ள, தேன்மொழி மட்டும் பின்னால், இனியாவை இருக்கையில் மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பாவாடையைச் சுருட்டியதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் பத்திரிகையில் இருந்தவன். ஒரு சம்பவம் செய்தியாக மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வேகமாகப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த முதல் ஆளிடம் பெரியம்மா, "வண்டி சடக்குனு நின்னுச்சு, யுவராசு புள்ளையைப் புடிச்சிக்கினான்" என்றார். அடுத்தவரிடம், "ஒரே கையால புடிச்சிக்கினான், கையே பிசகிப்போச்சு." சாயங்காலம் வந்தவர்களுக்கு, "கண்ணாடியை ஒடைச்சிக்கினு வெளிய போயிருக்கும். மாமன் மடியில இருந்ததால பொழைச்சுது." ஒரு முதியவர் என்னைப் பார்த்து அன்பாகவே சொன்னார்: "உங்க சேரு இருந்திருந்தா யாருங்க புடிச்சிருப்பா?"

ஓட்டியவன் நான். இருக்கையை டிக்கியில் போடச் சொன்னவனும் நான். அந்தக் கதையில் என் பெயர் எங்குமே வரவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கலைவாணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, அந்தச் சீட்டு பாக்கறேன்னீங்களே, வேணாம். அவராண்ட போன்ல சொன்னேன். அவ்ளோ துட்டு போட்டு எதுக்கு, நீ மடியில வெச்சுக்கோ, யுவராஜ் மச்சான் புடிச்சிக்கலையானு சொல்லிட்டாரு." சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

வியாழக்கிழமை காலை யுவராஜ் என்னை ஊருக்குள் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனான். பொங்கல் சொன்னோம். அவனால் வலது கையால் எடுக்க முடியவில்லை. ஸ்பூன் கேட்டான். ஸ்பூன் வந்த பிறகும் சாப்பிடவில்லை. எதிர் மேசையில் இருந்த தெரிந்தவர் ஒருவர், "மாமன்னா இப்பிடி இருக்கணும்பா" என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

"மாமா, உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். யாராண்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"நான் புடிக்கல."

எனக்குப் புரியவில்லை.

"வண்டி நின்னதும் ரெண்டு கையும் தானா டேஷ்போர்டுக்குப் போயிடுச்சு. நான் என்னையத்தான் புடிச்சுக்கினேன். புள்ளை மடியிலேர்ந்து வழுக்கினு போச்சு. தலை இடிச்சுது. கீழ துணிப்பை மேல வுழுந்துச்சு. அப்புறந்தான் தூக்கனேன்." கட்டுப் போட்ட கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான். "எல்லாரும் பாராட்டறாங்க மாமா. கறி எடுத்துப் போடறாங்க. எனக்கு எறங்கவே மாட்டேங்குது."

அது எவனுக்கும் நடந்திருக்கும், கை தன்னை அறியாமல் போவது, அந்த வேகத்தில் எவராலும் பிடிக்க முடியாது என்று சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. "தப்பு உன்னோடது இல்ல. சீட்டை எடுக்கச் சொன்னது நான்" என்றும் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் அதைப் பொங்கல் தட்டுக்கு மேலே, அவனிடம் மட்டும்தான் சொன்னேன். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுத்தேன்.

நாளிதழில் இருந்தபோது தவறான செய்தி வந்துவிட்டால் மறுநாள் 'திருத்தம்' என்று சிறிய எழுத்தில் போடுவோம். அவற்றை எழுதும் வேலை பெரும்பாலும் என்னுடையது. நான்கு வரிக்கு மேல் போகாமல், யார் மனமும் நோகாமல், தவறு என்ன, சரி என்ன என்று எழுதுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. வேங்கிக்கால் வீட்டில் வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்த நான்கு வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். யுவராஜுக்குக் கொடுத்த வாக்கை முன்னால் வைத்து அதன் பின்னால் நின்றுகொண்டேன். அவன் கதையைத் தொடாமல் என் பங்கை மட்டும் சொல்லியிருக்கலாம். கைகளால் பிடிக்க முடியாது என்று கலைவாணியிடம் பொதுவாகவாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை ஒருமுறை தொடங்கினேன். "கலை, ஹைவேஸ்ல வேகம் ஜாஸ்தி..." என்றேன். "அதான் மாமா, இறுக்கிப் புடிச்சிக்கறேன்" என்றாள். பக்கத்தில் பெரியம்மா இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். களியும் கறிக்குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அந்த வெளிநாட்டு மாப்பிள்ளையாக ஆக எனக்குத் தெம்பில்லை. உப்பு கொஞ்சம் கம்மி என்றேன்.

தேன்மொழியிடம் இரவில் சொன்னேனா என்றால், இல்லை. அவள் என்னோடு குழந்தையின் மருந்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தண்டபாணி வந்தார். கலகலப்பானவர், வந்ததுமே என்னைச் "சகல" என்று கட்டிக்கொண்டார். பிள்ளையோடு மகளை அனுப்பும் நாள் என்பதால் பெரியம்மா சேர்த்துவைத்த எல்லாம் வெளியே வந்தன. அண்டா, குத்துவிளக்கு, தொட்டில், பலகாரத் தூக்குகள், அரிசி மூட்டை. டிக்கி நிரம்பி, பின்னிருக்கையும் கூரைவரை நிரம்பியது. ராகு காலம் வருவதற்குள் கிளப்ப வேண்டும் என்று பெரியம்மா பரபரத்தார். கலைவாணி முன்னிருக்கையில் ஏறினாள். குழந்தையை அவள் மடியில் கொடுத்தார்கள். சேலை முந்தானையால் அதை மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். தண்டபாணி சாவியைத் திருகினார்.

நான் வாசற்படியில் நின்றேன். என் வாயில் அந்த நான்கு வரி தயாராக இருந்தது. கையை அசைத்தேன்.

யுவராஜ் காரின் ஜன்னலுக்குப் போனான்.

"கலை, எறங்கு."

"இன்னாண்ணா?"

"அன்னிக்கு நான் புடிக்கல."

தண்டபாணி சிரித்தார். "இன்னா மச்சான் புடிக்கல? எங்களையா?"

"இனியாவைப் புடிக்கல. ரெண்டு கையையும் டேஷ்போர்டுல ஊனிக்கினேன். புள்ளை கீழ வுழுந்துச்சு. துணிப்பை இருந்துச்சு, அதனால ஒண்ணும் ஆவல. வண்டி முப்பதுலதான் போச்சு. மாப்ள, நீங்க நூறுல போவீங்க."

"டேய், நல்ல நேரத்துல இன்னாடா பேச்சு இது?" என்று பெரியம்மா ஓடிவந்தார். "புடிக்காமயா கை வீங்குச்சு?"

"என்னையக் காப்பாத்திக்கினதுல வீங்குச்சு பெரிம்மா."

தெருவில் நின்றிருந்தவர்கள் யுவராஜின் கைக்கட்டைப் பார்த்தார்கள். பெரியம்மா முதலில் சமாளித்துக்கொண்டார். "அப்போ அண்ணாமலையாரு புடிச்சாரு. வுடு. ஏறினவ எறங்கக் கூடாது. மாப்ள, வண்டிய எடுங்க."

கலைவாணி முந்தானையை விலக்கித் தன் குழந்தையைப் பார்த்தாள். அது தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு யுவராஜைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

"நீங்க போங்க" என்றாள் கணவரிடம். "அந்தச் சீட்டை வாங்கி, பின்னாடி மாட்டிட்டு வந்து கூப்புடுங்க. அதுவரைக்கும் அம்மா ஊட்டுலயே இருக்கேன்."

"ஏய், ஊரு பாக்குது."

"பாக்கட்டும்."

பெரியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். தேன்மொழி போய்க் கலைவாணியின் பக்கத்தில் நின்றாள். யுவராஜ் தனியாக, காரின் மறுபக்கம் நின்றான். நான்கு நாளாக அவன் முதுகில் தட்டியவர்களில் ஒருவரும் அவனருகே போகவில்லை. நானும் போகவில்லை.

தண்டபாணி என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். மனைவியிடம் போவார் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தார்.

"சகல, மச்சான் சொன்னது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"வியாழக்கிழமையிலிருந்து."

அவர் கோபப்படவில்லை. மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுவதுபோல என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வியாழக்கிழமையிலிருந்து" என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு போய் வண்டியை எடுத்தார். முன்னிருக்கை காலியாக இருந்தது. பின்னால் அண்டாவும் தொட்டிலும் குத்துவிளக்கும் வழியில் ஆடிச் சத்தம் போடாதபடி கயிறு போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.